சின்ன பாத்ரூமில் இடம்: துளை போடாமல் என்ன செய்யலாம்?

வாடகை வீடு, டைல்ஸில் துளை போடக்கூடாது, ஒட்டின ஸ்டாண்டு ரெண்டே வாரத்தில் விழுந்துடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. அந்த ஸ்டாண்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பெரும்பாலும் தப்பு ஒட்டின விதத்தில்தான் இருக்கும். டைல்ஸ் மேல கண்ணுக்குத் தெரியாம சோப்புப் படலம் இருக்கும். அது மேல எதுவும் பிடிக்காது. ஸ்பிரிட்டால் துடைச்சு, நல்லா காயவிட்டு, புது ஒட்டுப்பட்டை வாங்கி, டைல்ஸ் இணைப்புக் கோட்டில் படாம நடுவுல ஒட்டுங்க. அப்புறம் 24 மணி நேரம் எடையும் ஏத்தக்கூடாது, தண்ணியும் படக்கூடாது. இந்தப் பொறுமைதான் எனக்கும் முதல் தடவை இல்லாமப் போச்சு!

கனமான பாட்டில்களுக்கு ஒட்டுறதை நம்ப வேண்டாம். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஸ்பிரிங் கம்பி (உள்ளே ஸ்பிரிங் இருக்கிற, நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற கம்பி) ஒண்ணை இறுக்கி, கொக்கியில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கூடைகளைத் தொங்கவிடுங்க. தண்ணி தேங்காது, செலவும் குறைவு. கம்பி எவ்வளவு எடை தாங்கும்னு அது வந்த பேக்கிங் அட்டையில் பார்த்துக்கோங்க. கதவு மேல மாட்டுற ஸ்டாண்டும் சரிதான். ஆனா கதவுக்கும் நிலைக்கும் நடுவுல இடைவெளி இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லேன்னா கதவு சாத்தாது.

மர அலமாரி மலிவா கிடைச்சாலும் வேண்டாம், ஈரத்துல உப்பிடும்.