ஆண்டுக்கு நாலு சிலிண்டருக்குப் பயந்து 7.80 லட்சமா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் பக்கம் எங்கள் பட்டா நிலத்தில் நான்கு அறை ஹோம்ஸ்டே கட்டி முடிக்கும் தறுவாயில் இருக்கிறோம். நடுவில் வனத்துறை நிலம் இருப்பதால் இப்போதைக்கு மின் இணைப்புக்கு வழியில்லை. தண்ணீருக்கு ஊற்று இருக்கிறது. வீட்டுக்கு 45 மீட்டர் கீழே, குழாய் போகும் வழியில் 180 மீட்டர் தூரம். கோடையிலும் 15 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைகிறது. 5 கிலோவாட் சோலார், 15 யூனிட் லித்தியம் பேட்டரி, 5 கே.வி.ஏ. இன்வெர்ட்டர், அறைக்கு ஒரு 2 கிலோவாட் கீசர், ஒரு ஹெச்.பி. மோனோபிளாக் பம்ப் எல்லாம் சேர்த்து ₹7.80 லட்சத்துக்கு ஒரு நிறுவனம் கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. கையில் ₹6 லட்சம் இருக்கிறது. மீதி ₹1.80 லட்சத்துக்கு நகைக்கடன் வாங்கலாமா? வணிக சிலிண்டர் இங்கே வந்து இறங்க ₹2,200 ஆகிறது, அதனால்தான் கேஸ் வேண்டாம் என்று நினைத்தோம். எட்டு பேர் தங்கலாம். ஆண்டுக்கு 120 நாள் அறைகள் நிறையும் என்று எதிர்பார்க்கிறோம். வீட்டில் நாங்கள் மூன்று பேர். சித்தப்பாவின் தோட்டத்தைக் காட்டி விவசாய சோலார் பம்ப் மானியம் வாங்கிவிடலாம் என்றும் சொல்கிறார்கள். இந்த மாதத்துக்குள் ₹50,000 முன்பணம் கேட்கிறார்கள்.

பதில்: நகைக்கடன் வேண்டாம். அந்த கொட்டேஷனும் வேண்டாம். ஏனென்று கணக்கோடு சொல்கிறேன்.

தண்ணீரை மேலே ஏற்றுவதும் சூடாக்குவதும் உங்கள் கொட்டேஷனில் ஒரே பேட்டரியில் கட்டப்பட்டிருக்கின்றன. இரண்டும் ஒரே அளவு வேலை இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் சக்தியில் அதே லிட்டரை 427 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிடலாம். ஜனவரிக் காலையில் உங்கள் தொட்டித் தண்ணீர் 12 டிகிரியில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், குளிக்கத் தோதாக 40 டிகிரிக்குக் கொண்டுவர 28 டிகிரி ஏற்ற வேண்டும். அந்தச் சக்தியில் தண்ணீரை எவரெஸ்டையும் தாண்டி 12 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கலாம். உங்களுக்கு வேண்டியது 45 மீட்டர்.

யூனிட்டில் பார்த்தால், எட்டு பேருக்கு ஆளுக்கு 25 லிட்டர் என்று 200 லிட்டர் வெந்நீருக்கு 5,600 கிலோகலோரி, அதாவது 6.5 யூனிட். கீசர் டேங்க் சும்மா இருக்கும்போது ஆறிப்போவதையும் இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் எட்டு யூனிட்டை நெருங்கும். மொத்த வீட்டுக்கும் ஒரு நாளைக்கு வேண்டிய 1,500 லிட்டரை மேலே ஏற்ற, பம்பின் எல்லா நஷ்டங்களையும் சேர்த்து, அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே போதும்.

அந்த எட்டு யூனிட்டும் காலை ஆறரைக்கும் எட்டுக்கும் இடையில், வெயில் வருவதற்கு முன்பு தேவைப்படும். அதனால்தான் 15 யூனிட் பேட்டரி. நான்கு அறையிலும் ஒரே நேரத்தில் கீசரைப் போட்டால் 8 கிலோவாட், அவ்வளவு சுமையைத் தாங்காமல் 5 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் அணைந்துவிடும். நவம்பரில் நாலைந்து நாள் தொடர்ந்து மூடுபனி இறங்கினால் பேனல் வழக்கமான உற்பத்தியில் கால்வாசி கொடுத்தாலே பெரிது. இன்னொன்று: லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் பேட்டரி வெளிக் கொட்டகையில் இருந்தால், வெயில் வந்த பிறகும் அதன் பாதுகாப்புச் சுற்று சார்ஜை மறித்துவிடும். எந்தப் பேட்டரி வாங்கினாலும் வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.

இனி நீங்கள் பயந்த கேஸ் கணக்கு. எல்.பி.ஜி. ஒரு கிலோவில் ஏறக்குறைய 11,000 கிலோகலோரி. கேஸ் கீசர் அதில் எண்பது சதவீதத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கும். 200 லிட்டருக்கு 640 கிராம் போதும். 19 கிலோ சிலிண்டர், எட்டு பேரும் குளிக்கும் 30 நாளுக்கு வரும். ₹2,200 கொடுத்தாலும் ஒரு நாளைக்கு ₹74. ஒரு விருந்தினருக்கு ஒன்பது ரூபாய் சொச்சம். 120 நாளுக்கு நான்கு சிலிண்டர், ₹8,800. நகைக்கடனுக்கு 11% வட்டி என்று வைத்தால் 1.80 லட்சத்துக்கு ஆண்டு வட்டி மட்டும் ₹19,800. கேஸை மிச்சப்படுத்த வாங்கும் கடனின் வட்டி, கேஸ் செலவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

உங்கள் தொழிலில் ஆண்டில் 245 நாள் அறை காலி. ஆள் வந்தால் மட்டும் ஆகும் செலவு, ஆள் வராத நாளிலும் முடங்கிக் கிடக்கும் முதலீட்டைவிட உங்களுக்கு நல்லது.

இதே காரணத்தால்தான் சோலார் வாட்டர் ஹீட்டரையும் இந்த ஆண்டு வாங்கச் சொல்ல மாட்டேன். 300 லிட்டர் வெற்றிடக் குழாய் வகை ₹60,000 என்று வைத்துக்கொண்டாலும், கேஸில் மூன்றில் இரண்டு பங்கை, அதாவது ₹5,900 அளவுக்குத்தான் மிச்சப்படுத்தும். போட்ட பணம் திரும்பப் பத்து ஆண்டு. அறைகள் 200 நாள் நிறைய ஆரம்பித்தால் அது ஆறு ஆண்டாகக் குறையும், அப்போது வாங்குங்கள். அதற்கான இடத்தை மட்டும் இப்போதே விட்டுவையுங்கள்: தெற்குப் பார்த்த கூரையில் நிழல் விழாத ஒரு பகுதி, அறைகளுக்கு வெப்பக் காப்பு சுற்றிய, சூடு தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் வெந்நீர்க் குழாய். குளிர்நீர்த் தொட்டியின் அடிப்பாகம், பின்னால் வரப்போகும் வெந்நீர் டேங்கின் உச்சியைவிட ஓர் அடியாவது உயரமாக இருக்கும்படி ஸ்டாண்டைக் கட்டுங்கள். சுவர் பூசிய பிறகு இதையெல்லாம் செய்தால் இரட்டிப்புச் செலவு. வாங்கும்போது வெற்றிடக் குழாய் வகையையே வாங்குங்கள். சாதாரணத் தட்டையான தகடு வகையில் தண்ணீர் நேரடியாகச் செம்புக் குழாயில் ஓடும். ஓர் இரவு உறைபனியில் அது வெடித்துவிடக்கூடும்.

கேஸ் கீசரில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. குளியலறைக்குள் மாட்டவே கூடாது. மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிர் போன சம்பவங்கள் இருக்கின்றன. வாசனை இல்லாத வாயு என்பதால் உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. வெளிச்சுவரில், மழை படாமல் மேலே மறைப்பு வைத்து, குளியலறை ஜன்னலுக்கு நேராக இல்லாமல் மாட்டுங்கள். உங்கள் உயரத்தில் காற்று மெலிது, அதனால் நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று எழுதியிருக்கும் கீசர் நாலரை, ஐந்து லிட்டர்தான் சூடாகத் தரும். வாளிக் குளியலுக்கு அது போதும், ஷவருக்குப் போதாது. தொட்டி கீசருக்கு மூன்று, நான்கு மீட்டராவது மேலே இல்லாவிட்டால் அழுத்தம் போதாமல் தீயே பற்றாது. உறைபனிக் காலையில் ஒற்றைச் சிலிண்டரில் கேஸ் மந்தமாக வரும். இரண்டை இணைத்து ஒரே குழாயில் விட்டால் சரியாகும். அதைச் சூடுபடுத்த யாரும் தீயையோ கொதிநீரையோ கொண்டுபோக விடாதீர்கள். விருந்தினர் அறைக்கு வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை வைப்பது சட்டப்படி தவறு.

வீட்டில் உள்ள மூன்று பேருக்கும் சமையலறைக்கும் ஒரு விறகு பாய்லர் போதும். சொந்த நிலத்து சவுக்கு, யூகலிப்டஸ் மரங்களில் கழித்த கிளைகளை ஆறு மாதம் காயவைத்து எரியுங்கள். ஈர விறகு சூட்டில் ஒரு பகுதியைத் தன் ஈரத்தை விரட்டவே தின்றுவிடும். காட்டு விறகில் கை வைக்க வேண்டாம்.

அடுத்து பம்ப். கொட்டேஷனோடு நீங்கள் அனுப்பிய வரைபடத்தில், இடம் சமமாக இருக்கிறது என்று ஊற்றுக்கு 7 மீட்டர் மேலே பம்ப் கொட்டகை போட்டிருக்கிறார்கள். கடல்மட்டத்திலேயே ஒரு பம்ப் உறிஞ்சக்கூடிய எல்லை கணக்குப்படி 10.3 மீட்டர்தான். சுமார் 1,900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைந்து அது எட்டு மீட்டர் சொச்சமாகிவிடும். நடைமுறையில் ஐந்துக்கு மேல் நம்பக் கூடாது. அந்தக் கொட்டகையில் வைத்த பம்ப் காற்றைத்தான் சுற்றும். ஊற்றை ஒட்டி ஒரு சிறு சிமென்ட் தொட்டி கட்டி, மண் படிய ஒரு தடுப்பு வைத்து, அதில் மூழ்கும் பம்பை இறக்குங்கள்.

வேண்டியது பேனல் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் அரை ஹெச்.பி. டி.சி. பம்ப், ரப்பர் உறைக்குள் திருகு சுழன்று தண்ணீரைத் தள்ளும் திருகு வகை. மங்கிய வெயிலிலும் மெதுவாகவாவது தண்ணீரை மேலே தள்ளும். விசிறி வகை, சுழற்சி குறைந்தால் 45 மீட்டரை எட்டாமல் சும்மா சுற்றும். மணல் பட்டால் திருகு வகையின் ரப்பர் தேயும், அதனால்தான் அந்தத் தடுப்பு. மணிக்கு 600 லிட்டர் கொடுத்தால் இரண்டரை மணி நேர வெயிலில் ஒரு நாள் தண்ணீர் ஏறிவிடும். 400 வாட் பேனல், பேட்டரி இல்லாமல் நேரடியாக. 5,000 லிட்டர் தொட்டிதான் உங்கள் பேட்டரி. எட்டு பேர் தங்கினாலும் மூன்று நாள் மூடுபனியைத் தாங்கும். தொட்டி நிறைந்தால் நிறுத்தவும், ஊற்று வற்றினால் நிறுத்தவும் இரண்டு மட்ட உணரிகள் கட்டாயம். வறண்டு ஓடினால் ரப்பர் எரிந்துவிடும்.

ஊற்று மரநிழலில் இருப்பதால் பேனல் வீட்டருகேதான் நிற்க முடியும். அப்போது 180 மீட்டர் கேபிள் முக்கியம். 24 வோல்ட் பம்ப் என்றால் 9 ஆம்பியர் ஓட வேண்டும்; 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் போக வர 15 வோல்ட் வழியிலேயே தொலையும், பம்ப் கிளம்பாது. அதே வேலைக்கு 96 வோல்ட் பம்ப் வாங்கினால் நஷ்டம் 4 வோல்ட்டுக்குள். விலை மலிவு என்று 24 வோல்ட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். குழாய் 32 மில்லிமீட்டர் ஹெச்.டி.பி.இ. (கறுப்பு பிளாஸ்டிக்), அழுத்தம் தாங்கும் பி.என். 10 தரம். ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். மேலே கிடந்தால் காட்டுமாடு மிதித்தே உடைக்கும்.

ஊற்றுக்குக் கீழே உங்கள் நிலத்திலேயே ஐந்து மீட்டர் சரிவு இருந்தால், கீழே விழும் தண்ணீரின் வேகத்தாலேயே அதில் ஒரு பங்கை மேலே தள்ளும் ஹைட்ராலிக் ராம் என்ற கருவியும் வேலை செய்யும். கோடை வரத்தில் நாளுக்கு 1,300 லிட்டர் அளவு, பேனலும் கேபிளும் இல்லாமல் ஏற்றும். ஆள் இல்லாத மாதங்களுக்கு அது தாராளம். ஆனால் வால்வு ரப்பரை நீங்களே மாற்றப் பழக வேண்டும்.

சித்தப்பா தோட்டத்து யோசனையை மறந்துவிடுங்கள். அந்த மானியம் பாசனத்துக்கு. விடுதிக்குத் திருப்பினால் பிரச்சினை அவர் பெயரில் வரும். போதாதற்கு விவசாய பம்புகள் பெரியவை, நிமிடத்துக்கு 15 லிட்டர் வரும் ஊற்றை உடனே காலி செய்துவிடும். கூரை சோலாருக்கு மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டமும் மின் இணைப்பு உள்ள வீடுகளுக்குத்தான்.

என் உத்தேசம்: பம்ப், பேனல், கன்ட்ரோலர் ₹75,000, கேபிள் ₹25,000, குழாயும் புதைக்கும் கூலியும் ₹40,000, தொட்டி ₹38,000, நான்கு கேஸ் கீசர், இணைப்புக் குழாயோடு ₹52,000, விறகு பாய்லர் ₹15,000, விளக்கு, சார்ஜர், வைஃபை, சிறு ஃபிரிட்ஜுக்கு ஒரு கிலோவாட் பேனலும் 5 யூனிட் பேட்டரியும் ₹1.80 லட்சம். மொத்தம் ₹4.25 லட்சம். மீதி ₹1.75 லட்சத்தில் ஒரு லட்சத்தை வங்கியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சீசன் மழையில் போனாலும் வீடு ஓடும். பின்னால் விரிவாக்கக் கடன் தேவைப்பட்டால், ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் (சிறுதொழில் கடன்) என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். நகைக்கு முன் அதை வங்கியில் கேளுங்கள். கணக்குப் புத்தகம் எழுதி வரி கட்டினால் சோலார் சாதனங்களுக்கு 40% தேய்மானம் கழிக்கலாம், முதல் ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி. கணக்குப் புத்தகம் இல்லாமல், வரவில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டும் உத்தேச வருமான முறையில் கட்டுபவருக்கு இது தனியாகக் கிடையாது.

முன்பணம் ₹50,000-ஐ இப்போது கொடுக்காதீர்கள். பம்பையும் விளக்கு சோலாரையும் தனித்தனியாகப் பிரித்துப் புதுக் கொட்டேஷன் கேளுங்கள். பம்ப் கொட்டேஷனில் "45 மீட்டர் உயரத்துக்கு மணிக்கு 600 லிட்டர்" என்று எழுத்தில் இருக்க வேண்டும். பேனலுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5%. பழைய 12% போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். பொருள் வந்து இறங்கியதும் 60%, மேல்தொட்டி ஒருமுறை நிறைந்ததும் 30%, மீதி 10% ஒரு நவம்பர் கடந்த பிறகு. இதற்குச் சம்மதிக்காத கடையை விட்டுவிட்டு அடுத்த கடையில் விசாரியுங்கள்.