வேஷம் கலைந்ததா?

அன்புள்ள ஐயா,

எனக்கு ஊர் தேவகோட்டை. அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது 62. காரைக்குடியில் இரும்புக்கடை வைத்திருந்தார்கள். கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் ராத்திரி தூங்க மாட்டார்கள். யாரையும் அதிர்ந்து பேசியதில்லை. இரண்டு வருடமாக ஆளே மாறிவிட்டார்கள். அம்மான் மகள் கல்யாணத்தில், வளவு (வீட்டு முற்றம்) நிறைய ஆட்கள் இருக்கும்போது, பரப்பி வைத்திருந்த சீர்ச் சாமான்களைப் பார்த்து, "எடைக்குப் போட்டாலும் தேறாது" என்று சிரித்தார்கள். ஒரு டின் மாவுருண்டை ஒரே நாளில் காலியாகிறது. யாரோ கேட்டார் என்று கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் ஆத்தா (அம்மா) வீட்டின் இரண்டாங்கட்டில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு முறிந்து கிடந்தார்கள். அப்பச்சி அவர்களைத் தாண்டிப் போய், "காப்பி இன்னும் வரலையா?" என்று கேட்டார்கள்.

மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையின் முன்பகுதி சுருங்கிவருகிறது, 'ஃப்ரன்டோ டெம்போரல் டிமென்ஷியா' என்றார். டிமென்ஷியா என்றால் மறதிநோய் என்கிறார்கள். ஆனால் ஞாபகம் கூர்மையாக இருக்கிறது. பழைய கம்பி விலையெல்லாம் ஒப்பிக்கிறார்கள். அதனால் உறவில் யாரும் நம்பவில்லை. "உள்ளுக்குள்ள இப்படித்தான் இருந்திருக்கான், இப்ப வேஷம் கலைஞ்சிருச்சு" என்கிறார்கள் அயித்தை. எது நிஜமான அப்பச்சி? எல்லாம் மூளைதான் என்றால், இத்தனை வருட நேர்மைக்கு என்ன மதிப்பு? அடுத்த மாதம், பங்காளிகள் கூடி முன்னோரைக் கும்பிடும் படைப்பு வருகிறது. அழைத்துப் போகலாமா?

வ., தேவகோட்டை

அன்புள்ள வ.,

கல்யாணத்தில் பேசியதையும் ஜாமீனையும்விட, ஆத்தாவைத் தாண்டிப் போனதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒருவர் கண்ணெதிரே விழுந்தால் நாம் யோசித்துவிட்டு ஓடுவதில்லை. வயிற்றில் திக்கென்கிறது, கால் தானாகப் போகிறது. நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்கு நேர் மேலே இருக்கும் பகுதியும், மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் 'இன்சுலா'வும் இந்தத் 'திக்'கில் பெரும்பங்கு வகிக்கின்றன. உங்கள் அப்பச்சிக்கு வந்திருக்கும் நோய் பெரும்பாலும் முதலில் கைவைப்பது அங்கேதான். ஆத்தா விழுந்தது அவருக்குத் தெரிந்திருக்கும். திக்கென்பது மட்டும் வந்திருக்காது. ஞாபகத்தைச் சேர்த்துவைக்கும் இடம் வேறு, அதை இந்த நோய் ஆரம்பத்தில் அவ்வளவாகத் தொடுவதில்லை. கம்பி விலை இன்னும் நினைவில் நிற்பது அதனால்தான். இனிப்பின் மேல் வெறியும் இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. 1892இல் ப்ராக் நகரத்தில் ஆர்னால்ட் பிக் என்ற மருத்துவர் இந்த வகை நோயை முதலில் விவரித்தார். இன்றைக்கும் பல டாக்டர்களே மனநோய் என்று எண்ணி வருடக்கணக்கில் வேறு வைத்தியம் பார்த்துவிடுகிறார்கள். அயித்தைக்குப் புரியாததில் ஆச்சரியமில்லை.

ஜாமீன் விஷயத்துக்கு ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். 1990களில் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு சீட்டு விளையாட்டு வைத்தார்கள். நாலு கட்டு. இரண்டில் பெரிய லாபம் வரும், ஆனால் அதைவிடப் பெரிய நஷ்டமும் வரும். மூளையில் குறையில்லாதவர்கள் எந்தக் கட்டு மோசம் என்று வாயால் சொல்லத் தெரியும் முன்பே, அதன் பக்கம் கை போகும்போது அவர்கள் உள்ளங்கை லேசாக வியர்த்தது. நெற்றிக்குப் பின்னால் அடிபட்டவர்களுக்கு வியர்க்கவேயில்லை. அவர்களில் சிலர் மோசமான கட்டு எது என்று கண்டுபிடித்துவிட்டு, அப்புறமும் அதிலிருந்தே எடுத்தார்கள். இரும்புக்கடையில் கடன் கேட்டு வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் உங்கள் அப்பச்சிக்கு அடிவயிற்றில் ஏதோ சொல்லியிருக்கும். அந்தக் குரல் இப்போது இல்லை. "ஜாமீன் போடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள், "கூடாது" என்று சரியாகவே சொல்லக்கூடும். சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போடுவார்.

சரி, வேஷம். குடித்தவன் உளறுவதும், கோபத்தில் கொட்டுவதும், நோயில் வெளிவருவதும்தான் ஒருவரின் நிஜம் என்று நம்மவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. அந்தக் கல்யாண வளவில் உட்கார்ந்திருந்த எத்தனை பேர் மனத்தில் அந்தச் சாமான்களுக்கு விலை ஓடிக்கொண்டிருந்திருக்கும்! அயித்தையும் மனதுக்குள் விலை போட்டிருப்பார்கள். எண்ணம் எல்லாருக்கும் வரும். வாயை மூடிக்கொண்டு, "நல்லாச் செஞ்சிருக்கீக" என்று சொல்லவைப்பதும் அதே மூளைதான். அந்த அடக்கம் குணத்தின் மேல் போட்ட மூடி இல்லை. குணத்தின் பாதியே அதுதான். பிரேக் போன பஸ்ஸைப் பார்த்து, இத்தனை நாளும் இது மோதத்தான் காத்திருந்தது என்று யாராவது சொல்வார்களா?

இந்தத் துறையில் எல்லாரும் சொல்லும் கதை ஃபினியஸ் கேஜுடையது. 1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ரயில்பாதைக்காகப் பாறை உடைத்தபோது, மூன்றரை அடிக்கு மேல் நீளமான இரும்புக்கம்பி அவன் கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. பிழைத்தான். ஆனால் நிதானமானவன் முரடனாகிவிட்டான், "இவன் பழைய கேஜ் இல்லை" என்று கூட்டாளிகள் சொன்னதாக அவனுக்கு வைத்தியம் பார்த்த ஹார்லோ எழுதிவைத்தார். கதையை அதோடு நிறுத்திவிடுவார்கள். அப்புறம் அவன் சிலி நாட்டுக்குப் போய்ப் பல வருடம் குதிரைவண்டி ஓட்டினான். ஒரே பாதை, ஒரே நேரம் என்ற ஒழுங்குதான் அவனைத் தாங்கியது என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்கள் அப்பச்சிக்கு வந்திருப்பது ஆறுகிற காயம் இல்லை, மெல்ல வளர்கிற நோய். ஆனாலும் மாறாத அன்றாடம் அவருக்கும் உதவும்.

நேர்மைக்கு மதிப்பு என்ன என்கிறீர்கள். நேர்மை மூளையில் இல்லாமல் வேறெங்கே இருக்க முடியும்? தினமும் கடை அடைக்கும்முன் கணக்கு நேர்பண்ணிய மனிதர், ஒவ்வொரு தடவையும் அந்த நரம்புப் பாதையை உறுதிசெய்துகொண்டிருந்தார். அவராக உழைத்துச் சேர்த்தது அது. கடைசியில் நோய் அரிப்பதால் முன்னால் இருந்தது பொய்யாகிவிடாது. ஆனால், 'மூளைதான் காரணம்' என்பதை அந்த ஜாமீன் வாங்கிப்போன ஆளுக்கு நான் தர மாட்டேன். அவருடைய பிரேக் நன்றாகவே வேலை செய்கிறது.

அந்தக் கையெழுத்தை உடனே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். டாக்டரிடம் சான்றிதழ் வாங்கி வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். நோயை நிறுத்த இன்று மருந்தில்லை. படபடப்பையும் வெறியையும் ஓரளவு தணிக்க மருந்து உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். மாவுருண்டை டின்னைப் பூட்டி வையுங்கள், புத்தி சொல்லிப் பயனில்லை. ஆத்தாவிடம் ஸ்கேன் படத்தைக் காட்டி உட்காரவைத்து விளக்குங்கள். கணவர் தன்னை வெறுத்துவிட்டார் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும்.

படைப்புக்குக் கட்டாயம் அழைத்துப் போங்கள். பங்காளிகளில் மூத்தவர்கள் இரண்டு பேரிடம் முன்கூட்டியே நோயின் பெயரோடு சொல்லிவிடுங்கள். கூட்டம் சேரும்முன் கும்பிடவைத்து, முதல் பந்தியிலேயே சாப்பிடவைத்து, வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம். அயித்தையைப் பக்கத்து இலையில் உட்கார வைக்காதீர்கள்.