இசிஜி தாளில் ‘இயல்புக்கு மாறானது’ என்று அச்சாகியிருந்தால்

கேள்வி: எனக்கு வயது 24. வேலையில் சேர்வதற்காக எடுத்த இசிஜியின் மேல் ‘சைனஸ் அரித்மியா, முழுமையற்ற வலது கற்றைத் தடை, இயல்புக்கு மாறான இசிஜி’ என்று அச்சாகியிருக்கிறது. மாதத்தில் இரண்டு மூன்று முறை, இரவில் படுத்திருக்கும்போது, நெஞ்சு ஒருகணம் நின்று ‘திக்’கென்று அடிக்கிறது. மயக்கமோ வலியோ வந்ததில்லை. இது இதய நோயா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அதற்கான வாய்ப்பு குறைவு. அந்த வரிகளை எழுதியது இயந்திரம். அலைகளின் அகலத்தையும் இடைவெளியையும் அளக்கத் தெரிந்த அதற்கு, நீங்கள் எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா என்று கேட்கத் தெரியாது. ஆகவே அந்தத் தாளை ஒரு மருத்துவர் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

சைனஸ் அரித்மியா என்பது பெயரில்தான் பயமுறுத்துகிறது. மணிக்கட்டு நாடியில் விரலை வைத்து மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள்; இழுக்கும்போது துடிப்பு சற்று விரைவதையும், விடும்போது தளர்வதையும் உணரலாம். இளம் வயதில் இது இயல்பே. முழுமையற்ற வலது கற்றைத் தடையில், மின்தூண்டல் வலது கீழறையை இம்மியளவு தாமதமாக அடைகிறது. ஆனாலும் அலையின் அகலம் 120 மில்லி விநாடிக்குள், அதாவது தாளின் மூன்று சிறு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். ஆரோக்கியமான இளைஞர்களிடமும் இது காணப்படும். மார்பில் ஒட்டும் முதலிரண்டு மின்முனைகளை ஒரு விலா இடைவெளி மேலே ஒட்டிவிட்டால்கூட இதே தோற்றம் வரும். மேலறைச் சுவரில் பிறவித் துளை இருந்தாலும் இது தெரியக்கூடும் என்பதால், மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுச் சந்தேகம் எழுந்தால் எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) எடுக்கச் சொல்வார்.

உங்கள் ‘திக்’ பெரும்பாலும் முந்திக்கொண்டு வரும் ஒரு துடிப்பாகத்தான் இருக்கும். அறை நிரம்புமுன்பே வருவதால் அந்தத் துடிப்பு நமக்குத் தெரிவதில்லை. பின்வரும் நீண்ட இடைவெளியில் நிரம்பிய இரத்தத்தை அடுத்த துடிப்பு ஓங்கித் தள்ளும்போதுதான் தூக்கிப்போடுகிறது. தூக்கமின்மை, அளவு மீறிய காபி, இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவை இதைக் கூட்டும். கடைசி இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் அறியலாம்.

பத்து விநாடி இசிஜியில் மாதம் மூன்று முறை வருவது சிக்காது. உடலில் மாட்டிக்கொண்டு நாள் முழுவதும் இசிஜி பதியும் 24 மணி நேர ஹோல்டர் கருவியிலும் தப்பிவிடலாம். படபடப்பு வரும்போது அதன் தாளத்தை மேசையில் விரலால் தட்டிப் பழகி, மருத்துவர் முன் அப்படியே தட்டிக் காட்டுங்கள். என் அனுபவத்தில் அது பல பக்க விவரிப்பைவிடப் பயன்படும். விளக்கின் பொத்தானை அழுத்தியதுபோல் திடீரெனத் தொடங்கி, நிமிடத்துக்கு 150க்கு மேல் ஒரே சீராக ஓடி, திடீரென நின்றால் அது வேறு கதை. அப்போது பழைய தாளில் பிஆர் இடைவெளி, அதாவது மின்தூண்டல் மேலறையிலிருந்து கீழறையை அடைய எடுக்கும் நேரம், 120 மில்லி விநாடிக்குக் குறைவா என்று மறுபடி பார்ப்போம்.

உடற்பயிற்சியின்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தாலும், குடும்பத்தில் யாரேனும் இளவயதில் காரணம் தெரியாமல் திடீரென இறந்திருந்தாலும், கடும் விளையாட்டை நிறுத்திவிட்டு உடனே இதய நிபுணரைப் பாருங்கள்.

அந்தத் தாளை இன்றே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அது வெப்பத்தாள் (சூட்டால் எழுத்து பதியும் தாள்) என்றால் நாளடைவில் மங்கும். லேமினேட் செய்தால் கறுத்தே போய்விடும்.