ஹர்லிங் சம்பளம் தராது: வேலையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வணக்கம் அம்மா.

அயர்லாந்தின் லிமரிக்கில், உயர்நிலைப் பள்ளியின் கடைசிக்கு முந்தைய ஆண்டான ஐந்தாம் ஆண்டு படிக்கும் உங்கள் பெரியவனுக்கு, ஐரிஷ் மட்டைப்பந்து ஆட்டமான ஹர்லிங்கில் கவுண்டியின் (மாவட்டத்தின்) மைனர், அதாவது இளையோர், குழுவில் இடம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவன் "எனக்கு ஹர்லிங்தான்" என்கிறான். அப்பா "மட்டையைத் தூக்கிப் பரணில் போடு" என்கிறார். படிப்பா ஆட்டமா என்று கேட்டால் இந்தச் சண்டை தீராது, ஏனென்றால் ஹர்லிங்கில் அப்படி ஒரு தேர்வே இல்லை. 1884-இல் தர்லஸ் ஊரில் தொடங்கிய, ஹர்லிங்கை நடத்தும் ஜி.ஏ.ஏ. (கேலிக் விளையாட்டுச் சங்கம்) அமைப்பின் விதிப்படி ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. 82,000 பேர் நிறைந்த டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்தில் ஆல்-அயர்லாந்து இறுதியாட்டம் ஆடுகிறவரும் மறுநாளோ மறுவாரமோ வேலைக்குத்தான் போகிறார். பயணப்படி உண்டு. சீனியர் கவுண்டி வீரர்களுக்கு அரசு மானியம் ஒன்று உண்டு, அது ஓராண்டு வாடகைக்குக் கூடப் போதாது. நட்சத்திரங்கள் சிலருக்கு விளம்பர வருமானம் வரும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஆகவே நாம் பார்க்க வேண்டியது, எந்தப் படிப்பும் எந்த வேலையும் இந்த ஆட்டத்தின் கால அட்டவணைக்கு இடம் கொடுக்கும் என்பதை.

அட்டவணை இப்படி: கவுண்டி அணிகளுக்கு ஜனவரி இறுதியில் லீக் தொடங்கும். ஏப்ரலில் சாம்பியன்ஷிப். ஜூலையில் ஆல்-அயர்லாந்து இறுதி. அதன்பின் கிளப் ஆட்டங்கள் இலையுதிர்காலம் வரை. 2018-இல் வெளியான பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனத்தின் அறிக்கைப்படி, கவுண்டி சீனியர் வீரர் வாரத்துக்கு 31 மணி நேரம் வரை ஆட்டத்துக்காகச் செலவிடுகிறார். மைதானப் பயிற்சி, ஜிம், பயணம், உணவு தயாரிப்பு எல்லாம் சேர்த்து. சம்பளமில்லாத இரண்டாவது வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மைனர் வயது 2018-இல் 18-லிருந்து 17 வயதுக்குட்பட்டோர் என்று குறைக்கப்பட்டது. லீவிங் சர்ட் என்னும் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் மாணவர்களைத் தேர்வு நேரத்தில் ஆட்டம் இழுக்கக் கூடாது என்பது அதற்கு ஒரு காரணம். உங்கள் மகனுக்கு இது வசதி. இந்த வசந்த காலத்தை மைனர் ஆட்டத்துக்குக் கொடுக்கலாம், அடுத்த ஆண்டு ஜூன் தேர்வுக்கு. கடைசி ஆண்டான ஆறாம் ஆண்டில், பள்ளிகளுக்கு இடையிலான ஹார்ட்டி கோப்பைக்குப் பள்ளி அணி கூப்பிடும். அது பெரும்பாலும் குளிர்காலத்தில் முடிந்துவிடும், தடுக்க வேண்டாம். அதே பருவத்தில் கிளப்பின் பெரியவர் அணியும் சேர்ந்து கூப்பிட்டால் ஒன்றுக்கு மறுப்புச் சொல்லுங்கள். இளம் வீரர்கள் காயப்படுவது பெரும்பாலும் இங்கேதான்: மூன்று அணி, மூன்று பயிற்சியாளர், ஒருவர் கொடுக்கும் பயிற்சி மற்றவருக்குத் தெரியாது. வாரத்தில் எந்த நாள் எந்த அணி என்று ஒரே தாளில் எழுதி மூவருக்கும் அனுப்புங்கள். பையன் வாயால் சொல்லமாட்டான், இடம் போய்விடுமோ என்று பயப்படுவான்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மைனர் குழுவில் இருப்பவர்களில் பலர் சீனியர் குழுவை எட்டுவதில்லை. ஆட்ட நாளில் சீனியர் அணிப் பட்டியலில் 26 பேருக்குத்தான் இடம், அந்த இடங்களுக்குப் பத்து, பன்னிரண்டு வெவ்வேறு ஆண்டுகளில் பிறந்தவர்கள் சேர்ந்து போட்டியிடுகிறார்கள். லிமரிக்கில் போட்டி இன்னும் கடுமை: 2020 முதல் 2023 வரை தொடர்ந்து நான்கு முறை கோப்பை வென்ற கவுண்டி அது. கவுண்டி கைகூடாவிட்டாலும் கிளப் ஆட்டம் நாற்பது வயதுவரை கூட ஓடும். படிப்பை அதற்கும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இனி உங்கள் வீட்டில் உடனே பார்க்க வேண்டிய விஷயம்: ஐரிஷ் மொழி. கவுண்டி வீரர்களில் ஆசிரியர்கள் நிறைய. கோடை விடுமுறை சாம்பியன்ஷிப்பின் கடைசிக் கட்டத்தோடு ஒத்துப்போகும், மாலை நான்கு மணிக்கு மேல் கை ஓய்வு. லிமரிக்கின் பயிற்சி மேலாளர் ஜான் கீலியே ஒரு பள்ளி முதல்வர்தான். ஆனால் தொடக்கப் பள்ளி ஆசிரியர் படிப்பில் சேர லீவிங் சர்ட்டில் ஐரிஷ் பாடத்தின் கடினமான தாளான உயர்நிலைத் தாளில் ஹெச்4 தரம், அதாவது குறைந்தது 60 சதவீதம், கட்டாயம். 12 வயது நிறைந்தபின், வெளிநாட்டில் மூன்றாண்டாவது படித்துவிட்டு வந்து சேரும் பிள்ளைகளுக்குப் பொதுவாக ஐரிஷ் விலக்கு, அதாவது அந்தப் பாடத்தைப் படிக்காமலிருக்கும் அனுமதி, கிடைக்கும். இங்கே குடிவந்த நம் பெற்றோர் பலர் பாரம் குறைந்தது என்று மகிழ்ந்து அதை வாங்கிவிடுகிறார்கள். அதோடு தொடக்கப் பள்ளிக் கதவு சாத்தப்படுகிறது என்பது கடைசி ஆண்டில்தான் தெரியவரும். உங்கள் மகன் விலக்கு வாங்கியிருந்தால் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் வழி திறந்தே இருக்கிறது. லிமரிக் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியர் பட்டம் நான்காண்டு. வேறு பட்டம் என்றால் அதன்மேல் இரண்டாண்டு ஆசிரியர் முதுகலை. விலக்கு வாங்காமல் சாதாரண நிலைத் தாளுக்குப் படிக்கிறான் என்றால், உயர்நிலைக்கு மாறலாமா என்று இந்த மாதமே ஐரிஷ் ஆசிரியரைக் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைக்கு ஐரிஷ் வராது என்பவர்களுக்குக் கார்க் ஹர்லிங் வீரர் ஷான் ஓக் ஓ ஹல்ப்பீனைக் காட்டுங்கள். அம்மா ஃபிஜி நாட்டின் ரொட்டுமா தீவுக்காரர். பையன் சிட்னியில் வளர்ந்து, 1988-இல் கார்க் நகருக்கு வந்தபோது வயது சுமார் 11. பள்ளியில் ஐரிஷ் படித்தார், ஹர்லிங்கும் அங்கேதான். 1999, 2004, 2005 என மூன்று ஆல்-அயர்லாந்துப் பதக்கம். 2005-இல் தலைவராகக் கோப்பையை வாங்கி ஐரிஷ் மொழியில் பேசினார். வங்கியில் வேலை பார்த்தபடியே ஆடியவர். 2001-இல் கார் விபத்தில் முழங்கால் கிழிந்து, ஆட்டம் முடிந்தது என்று பலர் நினைத்த நிலையிலிருந்து திரும்பி வந்தார். அவர் தம்பி செட்டான்டா வேறு வழி எடுத்தார்: 2003-இல் கார்க்குக்காக இறுதியாட்டம் ஆடிய அதே ஆண்டு ஆஸ்திரேலியக் கால்பந்தின் கார்ல்ட்டன் அணியில் ஒப்பந்த வீரரானார். சம்பளம் வந்தது, ஹர்லிங் போனது. அந்த வழி ஜி.ஏ.ஏ.வின் இன்னோர் ஆட்டமான கேலிக் கால்பந்து ஆடுபவர்களுக்கே பெரும்பாலும் திறக்கும். ஹர்லிங் மட்டும் ஆடுபவனுக்கு அதை ஒரு திட்டமாக வைக்க நான் சொல்லமாட்டேன்.

வங்கி, கணக்கியல், பொறியியல் அலுவலக வேலைகள் நன்றாகப் பொருந்தும். செவிலியர் பணி, காவல்துறை போன்ற முறைப்பணிகள் முடியாதவை அல்ல, ஆனால் செவ்வாய், வியாழன் மாலைப் பயிற்சிக்கு ஒவ்வொரு வாரமும் யாரிடமாவது முறை மாற்றிக் கேட்க வேண்டியிருக்கும். மின்பணி, தச்சுப்பணி போன்ற தொழிற்பயிற்சிகளில் ஒரு சிக்கல்: ஹர்லிங்கில் கை, விரல் எலும்பு முறிவு சாதாரணம். விரல் முறிந்தால் அலுவலகக்காரர் ஒரு கையால் தட்டச்சு செய்வார், தச்சருக்கு வேலையும் போய்க் கூலியும் போகும். ஜி.ஏ.ஏ.வின் காய நிதி எல்லா இழப்பையும் ஈடுகட்டாது. கிளப்பில் அந்த ஆண்டு உறுப்பினராகப் பதிவு செய்யாதவனுக்கு அதுவும் இல்லை. சொந்த மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள். கில்கென்னி கவுண்டி வீரர் ஹென்றி ஷெஃப்லின் பத்து ஆல்-அயர்லாந்துப் பதக்கம் பெற்றவர். அவருக்கே 2007-இலும் 2010-இலும் முழங்கால் தசைநார் அறுந்தது. அவரும் வங்கி ஊழியராக இருந்தபடி ஆடியவர்தான்.

கல்லூரிச் சேர்க்கைக்கான பொது விண்ணப்பமான சி.ஏ.ஓ.வுக்குக் கடைசி நாள் பிப்ரவரி 1. விருப்ப வரிசையை ஜூலை 1 வரை மாற்றலாம். பட்டப் படிப்புக்குப் பத்து இடம் எழுதலாம், பத்தையும் எழுதுங்கள், உண்மையான விருப்ப வரிசையில். உயர்நிலைக் கணிதத்தில் ஹெச்6 (குறைந்தது 40 சதவீதம்) வந்தாலே கல்லூரி இடத்துக்கான புள்ளிகளில் 25 கூடுதல், மொத்தம் 625 வரை போகும். ஆட்டத்துக்காகக் கணிதத்தைச் சாதாரண நிலைக்கு இறக்குவது நான் பார்க்கும் மிக மோசமான பேரம். விளையாட்டு உதவித்தொகையும், கல்லூரிகளுக்கு இடையிலான ஹர்லிங் போட்டியான ஃபிட்ஸ்கிப்பன் கோப்பைக்கு அணியும் உள்ள கல்லூரிகளில் உதவித்தொகைக்குத் தனி விண்ணப்பம் தேவைப்படும், அதன் கடைசி நாளை அந்தந்தக் கல்லூரியிலேயே கேளுங்கள். கூடவே, பையனின் குடியுரிமை நிலைக்கு எந்தக் கட்டணம் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டண வேறுபாட்டை எந்த ஹர்லிங் உதவித்தொகையும் பொதுவாக ஈடுகட்டாது.

ஏழு வயதுச் சின்னவனைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவனுக்கு இப்போது போட்டியே இல்லாத விளையாட்டுதான், பதக்கம் எதிர்பார்க்க வேண்டாம். ஹெல்மெட்டும் சரியான நீள ஹர்லியும் (ஆட்ட மட்டை) போதும்: பக்கத்தில் நிறுத்திப் பிடித்தால் பிடியின் நுனி இடுப்பெலும்பு வரை வர வேண்டும். வளர்ந்தாலும் பயன்படட்டும் என்று நீளமாக வாங்கினால் மணிக்கட்டு திரும்பாது, இரண்டு கையாலும் கடப்பாரை போல வீசுவான். அப்பா வீட்டு முற்றத்தில் கிரிக்கெட் சொல்லிக்கொடுப்பவர் என்றால் கவனம்: கிரிக்கெட்டில் வலக்கை ஆட்டக்காரனுக்கு இடக்கை மேலே. ஹர்லியில் வலக்கை மேலே, இடக்கை பந்தைப் பிடிக்க. இதைப் பத்து வயதுக்கு முன் திருத்திவிடலாம், பதினாலில் திருத்துவது பெரும்பாடு.