பழனிக்கு நடந்தாச்சு, வீட்டுக்குத் திரும்புவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

(தைப்பூசப் பாதயாத்திரை முடித்து ஊர் திரும்புவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.)

கேள்வி: குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாக 18 பேர் நடந்து போகிறோம். போன வருஷம் திரும்பி வர வேன் பிடித்ததில் ஆளுக்கு 400 ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. இதைக் குறைக்க வழி உண்டா?
— வாசகர், காரைக்குடி

பதில்: உண்டு. முதலில் அந்த 400 ரூபாய் எங்கே போனது என்று பாருங்கள். காரைக்குடியிலிருந்து நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி ஏறக்குறைய 160 கிலோமீட்டர். வேன் காலியாக அங்கே வந்து உங்களை ஏற்றித் திரும்புகிறது. நீங்கள் ஒரு வழிதான் பயணம் செய்கிறீர்கள், ஆனால் 320 கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கிறீர்கள். உங்கள் ஊரில் கிலோமீட்டருக்கு 22 ரூபாய் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 7,040 ரூபாய் ஆயிற்று. டிரைவர் பேட்டா 600 சேர்த்தால் 7,640. பதினெட்டால் வகுத்தால் தலைக்கு 424. காத்திருப்புக் கட்டணம் தனி.

பஸ் கணக்கு வேறு. 2018 ஜனவரியில் நிர்ணயித்த கட்டணப்படி புறநகர் சாதாரணப் பேருந்தில் கிலோமீட்டருக்கு 58 காசு, விரைவுப் பேருந்தில் 75 காசு. அதே 160 கிலோமீட்டருக்கு 93 ரூபாயிலிருந்து 120 ரூபாய் வரை. ஸ்டேஜ் கணக்கில் சில ரூபாய் கூடலாம். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை, 12 வயது வரை அரை டிக்கெட்.

எனவே நடமாடத் தெம்பு உள்ளவர்கள் பஸ்ஸில் வருவதுதான் லாபம். நேர் பஸ்ஸுக்காகப் பழனியிலேயே காத்து நிற்காதீர்கள். திண்டுக்கல் போகிற எந்த பஸ் வந்தாலும் ஏறிவிடுங்கள். திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்தில் இறங்கி, நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி போகும் பஸ்ஸைப் பிடியுங்கள். நேர் பஸ் கிடைக்காவிட்டால் நத்தம் வரை ஒன்று, அங்கிருந்து திருப்பத்தூர் வரை ஒன்று என்று மாறி வரலாம். நீங்கள் நடந்து வந்த அதே சாலைதான். செல்போனில் பஸ் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 'திருப்பத்தூர்' என்று போட்டால் வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூரும் வரும். சிவகங்கை மாவட்டம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரை போய் மாறலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். பழனி, திண்டுக்கல் பஸ்கள் மதுரையில் ஆரப்பாளையத்தில் இறக்கிவிடும். காரைக்குடி பஸ் மாட்டுத்தாவணியில். கொப்புளம் உள்ள காலோடு, மூட்டையோடு நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு டவுன் பஸ்ஸில் நிற்க வேண்டியிருக்கும். அந்த வழி வேண்டாம்.

வேன் இல்லாமல் முடியாது, வயதானவர்கள் இருக்கிறார்கள் என்றால் செலவைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காலியாக வரும் வேனை நிரப்புவது. தரிசனத்துக்கு மட்டும் வர விரும்பும் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் அந்த வேனில் பழனி வரட்டும், திரும்பும்போது பஸ்ஸில் போகட்டும். 12 பேர் பஸ் கட்டணமான 120 ரூபாயை ஆளுக்குக் கொடுத்தாலே 1,440 ரூபாய் வந்துவிடும், உங்கள் தலைக்கு 80 ரூபாய் குறையும். இரண்டாவது, வேனைத் திண்டுக்கல்லுக்கு மட்டும் வரச் சொல்வது. காரைக்குடி–திண்டுக்கல் போக வர ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதே விலையில் பேட்டாவோடு 5,000 ரூபாய், ஆளுக்கு 278. பழனி–திண்டுக்கல் பஸ்ஸுக்கு இன்னொரு 45 ரூபாய். இதில் இன்னொரு நன்மை, பூச நாளின் பழனி நெரிசலுக்குள் வேன் நுழையவே வேண்டியதில்லை.

வேனை அமர்த்தும்போது நான்கு விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: கிலோமீட்டர் ஷெட்டிலிருந்து ஷெட் வரை எண்ணுவதா, உங்கள் வாசலிலிருந்தா, காத்திருப்பு எத்தனை மணி நேரம் வரை இலவசம், சுங்கமும் பார்க்கிங்கும் யார் பொறுப்பு, நள்ளிரவு தாண்டினால் இரண்டாம் நாள் பேட்டா உண்டா. தகராறு பெரும்பாலும் கடைசி இரண்டில்தான் வருகிறது. தரிசன வரிசை எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நேரக் கணக்கில் பேசாமல், நாள் கணக்கில் ஒரே தொகையாகப் பேசுங்கள்.

கேள்வி: எங்கள் குழுவோடு சமையல் சாமான் ஏற்றிய சரக்கு வண்டி வருகிறது. திரும்பும்போது அது காலிதான். அதிலேயே பத்துப் பேர் உட்கார்ந்து வந்துவிட்டால் என்ன? எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?
— வாசகர், புதுக்கோட்டை

பதில்: கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய விஷயம் காப்பீடு. சரக்கு வண்டியில் இனாமாக ஏறி வந்தவருக்கு விபத்தில் ஏதாவது நேர்ந்தால், இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வண்டிச் சொந்தக்காரர் தலையில் விழும், அவரால் கொடுக்க முடியாவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைக்காது. வெள்ளை நம்பர் பிளேட் உள்ள சொந்த வண்டியை வாடகைக்கு எடுப்பதிலும் இதே சிக்கல்தான். வாடகை வண்டி என்றால் மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கும் மேலே ஒன்று. உங்கள் குழுவோடு வரும் டிரைவர் நடக்கவில்லையே தவிர, தூங்கவும் இல்லை. இரவு நீங்கள் நடக்கும்போது பின்னால் ஊர்ந்து வருகிறார், விடியற்காலையில் அடுத்த தங்கல் இடத்துக்கு முன்னால் போய் அடுப்பு இறக்குகிறார். நாலைந்து நாள் இப்படி இருந்துவிட்டு, பூசத்தன்று ராத்திரி ஸ்டியரிங் பிடித்தால் கண் சொக்கத்தான் செய்யும். பழனி போய்ச் சேர்ந்ததும் அவரை முதலில் தூங்க விடுங்கள். குறைந்தது ஆறு மணி நேரம், வண்டிக்குள் இல்லை, ஓர் இடத்தில் கால் நீட்டிப் படுத்து. தரிசனத்துக்கு அவரும் வர விரும்பினால் தூங்கி எழுந்த பிறகு போகட்டும். நடந்து வந்தவர்களில் யாருக்காவது லைசென்ஸ் இருக்கிறது என்று அவரை மாற்று டிரைவராக உட்கார வைக்காதீர்கள், அவர் நிலைமை இன்னும் மோசம். ஊரிலிருந்து பைக்கில் கூட்டிப்போக வருகிறவர்களுக்கும் இதையே சொல்வோம். பின்னால் உட்காருகிறவர் தூங்கிச் சரிந்துவிடுவார்.

அந்தச் சரக்கு வண்டியால் உங்களுக்கு ஒரு நல்ல பயன் உண்டு. மூட்டை, பாத்திரம், ஈரத் துணி எல்லாவற்றையும் அதில் போட்டு, ஒவ்வொரு பையிலும் பெயரும் தெருவும் எழுதி ஊருக்கு அனுப்பிவிடுங்கள். ஆட்கள் கையில் ஒரு சின்னப் பையோடு பஸ் ஏறலாம். கை காலியாக இருந்தால் எந்த பஸ்ஸிலும் நுழைய முடியும். மருந்து, பணம், ஆதார், செல்போன் சார்ஜர் மட்டும் அந்த வண்டியில் போய்விடக் கூடாது.

கேள்வி: நாங்கள் சென்னையில் வேலை பார்க்கிறோம். திருச்சியிலிருந்து நடந்து வரும் குழுவில் சேருகிறோம். எந்தத் தேதிக்கு ரயில் டிக்கெட் எடுப்பது, எங்கிருந்து எடுப்பது?
— வாசகி, குரோம்பேட்டை

பதில்: முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். அந்த நாளை இன்றே காலண்டரில் குறித்துவையுங்கள். தைப்பூசம் 2021-லிருந்து அரசு விடுமுறை. அதையொட்டிச் சனி, ஞாயிறு வந்தால் டிக்கெட் வேகமாகத் தீரும்.

பழனியிலிருந்து சென்னைக்கு நேராகப் போவது பாலக்காடு–சென்னை சென்ட்ரல் எக்ஸ்பிரஸ். அது திண்டுக்கல்லிலிருந்து கரூர், நாமக்கல், சேலம் வழியாக சென்ட்ரலுக்குப் போய்விடும். குரோம்பேட்டைக்காரர்களுக்கு அது சுற்று. திண்டுக்கல் வரை பஸ்ஸில் வந்துவிட்டால், மதுரைப் பக்கமிருந்து திருச்சி, விழுப்புரம் வழியாக வரும் ரயில்கள் பல இருக்கின்றன. தாம்பரத்தில் இறங்கலாம். பழனி–திண்டுக்கல் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சாதாரண நாளில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பூசத்தை ஒட்டிய நாட்களில் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். சாலையில் எதிர்த்திசையில் நடந்து வரும் கூட்டமும் இருக்கும், பஸ் மெதுவாகத்தான் வரும்.

தேதி விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு, நடை முடியும் அன்றே இரவு ரயிலுக்கு எடுப்பது. ஒருவருக்குக் கால் வீங்கினாலும் குழு அரை நாள் பின்தங்கும். போய்ச் சேரும் நாளுக்கு மறுநாள் இரவுக்கு எடுங்கள். இடையில் ஒரு பகல் கிடைக்கும், தரிசனம் தாமதமானாலும் சமாளிக்கலாம்.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட் கடைசி வரை காத்திருப்புப் பட்டியலிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏற முடியாது. தட்கல் முந்தைய நாள் காலை ஏசிக்கு 10 மணி, மற்ற வகுப்புக்கு 11 மணி. ஆதார் இணைத்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். நடந்துகொண்டே சாலையோரத்தில் நின்று தட்கல் எடுக்க முயலாதீர்கள், சிக்னல் கைவிடும். அந்த வேலையை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் ஒப்படையுங்கள். குழுவில் எல்லோருடைய பெயர், வயது, அடையாள அட்டை எண் அவரிடம் ஒரே தாளில் இருக்கட்டும். தட்கலில் ஒரு விண்ணப்பத்தில் 4 பேருக்குத்தான் எடுக்க முடியும், எனவே நாலு நாலாகப் பிரித்துவையுங்கள்.

பஸ்ஸில் சென்னை வருகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். தெற்கிலிருந்து வரும் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடும். விடியற்காலை அங்கிருந்து வீடு போகும் செலவையும் சேர்த்துத்தான் பஸ் மலிவா, ரயில் மலிவா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: முன்பதிவில்லாத டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், மணப்பாறை

பதில்: 200 கிலோமீட்டருக்குக் குறைவான தூரமென்றால் முடியாது. டிக்கெட் எடுத்த 3 மணி நேரத்துக்குள், அல்லது அந்தத் திசையில் அடுத்து வரும் முதல் ரயிலில் புறப்பட்டாக வேண்டும். மலையிறங்கி நிலையத்துக்கு வந்த பிறகு எடுங்கள். கவுன்டரில் கூட்டமாக இருந்தால், அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை ரயில்வே செயலியில் ஸ்கேன் செய்து எடுக்கலாம். அப்படிச் செல்போனில் மட்டும் காட்டும் டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது. செல்போன் அணைந்துவிட்டால் பரிசோதகரிடம் காட்ட ஒன்றும் இருக்காது, சார்ஜ் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பூசத்தன்று பழனியிலிருந்து கிளம்ப எந்த நேரம் நல்லது? பெண்களுக்கு பஸ் இலவசம்தானே?
— வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: இலவசம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மட்டும்தான். திண்டுக்கல், மதுரை, கோவை போகும் புறநகர்ப் பேருந்துகளில் டிக்கெட் எடுக்க வேண்டும், பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

பூசத்தன்று மாலை தேரோட்டம். தேர் பார்த்த கூட்டம் மொத்தமாக பஸ்ஸுக்குத் திரும்பும் நேரம்தான் மிகக் கடினம், அது நள்ளிரவையும் தாண்டும். தேர் பார்க்க வேண்டியதில்லை என்றால் மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால் இரவு அங்கேயே எங்காவது தலை சாய்த்துவிட்டு, விடியற்காலை முதல் பஸ்களில் வாருங்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் மிகவும் கஷ்டப்படுகிறார்கள்.

விழா நாட்களில் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையங்கள் அமைப்பது வழக்கம். உங்கள் ஊர் பஸ் எங்கே நிற்கிறது என்பதை மலையேறும் முன்பே போலீஸ் உதவி மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கி வந்த பிறகு கேட்டால், அந்தக் காலோடு ஒரு மைல் வீணாக நடப்பீர்கள். குழுவாக வந்தால் எல்லோரும் சேர்ந்துதான் கிளம்புவோம் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். நாலைந்து பேராகப் பிரிந்து, கீழே வந்தவர்கள் வந்தவர்கள் கிளம்பட்டும். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பெரியவரும், வழி தெரிந்த ஓர் இளைஞரும் இருந்தால் போதும். சந்திக்கும் இடமாகக் கோயில் வாசலைச் சொல்லாதீர்கள். அங்கே ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாது.

கேள்வி: கோவைக்கு?
— வாசகர், சூலூர்

பதில்: உடுமலை, பொள்ளாச்சி வழி பஸ் உக்கடத்தில் இறக்கும். சூலூருக்கு அங்கிருந்து இன்னொரு பஸ். பொள்ளாச்சி வழியாகக் கோவை போகும் ரயிலும் உண்டு, கட்டணம் பஸ்ஸைவிடக் குறைவு. நேரம் ஒத்துவந்தால் அதுவே நல்லது, காலை நீட்டிக்கொள்ள இடமிருக்கும்.

கேள்வி: வெறுங்காலோடு நடந்து வருகிறோம். திரும்பும்போது செருப்பு போட்டால் கடிக்கிறதே?
— வாசகி, நத்தம்

பதில்: கால் வீங்கியிருக்கும், வழக்கமான அளவு சேராது. ஒரு அளவு பெரியதாக, வார் தளர்த்தக்கூடிய ரப்பர் செருப்பைச் சாமான் வண்டியில் போட்டுவையுங்கள். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான பஞ்சு வைத்துத் துணியால் சுற்றிய பிறகு போடுங்கள். பஸ்ஸில் மணிக்கணக்காகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் வீக்கம் கூடும். பைக்கு மேல் பாதத்தை வைத்துக்கொள்ளுங்கள், கணுக்காலை அடிக்கடி மடக்கி நீட்டுங்கள், பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி இரண்டு நிமிடம் நடங்கள். தண்ணீர் குடிக்கவும் மறக்காதீர்கள். ஒரு கால் மட்டும் கெண்டைச் சதையில் இறுகி வீங்கி வலித்தால் அதை நடந்த அலுப்பு என்று விட்டுவிடாமல் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.