அம்மாவின் அறையில் ஏசி, அடைவில் வளையல்

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீடு, மேல்மாடி. 74 வயது அம்மா எங்களோடு இருக்கிறார், பிரஷர் குளிசை எடுக்கிறார். 2023இல் கனடாவில் இருக்கும் அண்ணா அம்மாவின் அறைக்கு ஏசி வாங்கித் தந்தார். பெப்ரவரியில் 150 யூனிட் வரும் கரண்ட் பில், ஏப்ரலில் 420க்குப் போகிறது. மூன்று வருடமாக ஒவ்வொரு வெயிலுக்கும் நகை அடைவு வைத்துச் சமாளித்தேன். இப்போது மூன்று அடைவுத் துண்டு (ரசீது): வளையல்களுக்கு 60,000, 80,000, சங்கிலிக்கு ஒரு இலட்சம். மொத்தம் 2,40,000 ரூபா, மாதம் 1.5 வீத வட்டி. அண்ணாவுக்கு இது தெரியாது, துண்டுகள் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கின்றன. வட்டியை மட்டும் ஒழுங்காகக் கட்டுகிறேன். அடுத்த வெயிலுக்கு முன் ஹோலுக்கும் ஏசி போடு, 1,50,000 அனுப்புகிறேன் என்கிறார் அண்ணா. கணவர் லோன் எடுத்து சோலார் போடலாம் என்கிறார். எது நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஏசியும் இல்லை, சோலாரும் இல்லை. "வட்டியை மட்டும் ஒழுங்காகக் கட்டுகிறேன்" என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான்.

கணக்கைப் பாருங்கள். 2,40,000க்கு 1.5 வீதம் என்றால் மாதம் 3,600. வருடத்துக்கு 43,200 ரூபா. இனி வெயில் செலவு. ஏப்ரலில் கூடுவது 270 யூனிட். 2025 ஜூனில் வந்த கட்டணத்தில் 180 யூனிட் தாண்டிய பிறகு ஒவ்வொரு யூனிட்டும் 60 ரூபா அளவில் போனது. அந்தக் கணக்கில், நிலையான கட்டணமும் சேர, மாதம் 16,000 - 17,000 கூடும். மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று மாதத்துக்கு ஏறத்தாழ 50,000. அதாவது, பழைய வெயில்களுக்கு நீங்கள் கட்டும் வட்டி மட்டுமே கிட்டத்தட்ட ஒரு புது வெயிலின் செலவு. வருடத்துக்கு இரண்டு கோடை காலத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள், ஒன்றைத்தான் அனுபவிக்கிறீர்கள். வாங்கிய முதல் தொகையில் ஒரு சதமும் குறையவில்லை.

அடைவு என்பது திடீரென்று வரும் ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சரி. வெயில் திடீரென்று வருவதில்லையே! ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த நாட்களில் கொழும்பில் காற்றும் விழுந்துவிடும், ஈரப்பதன் மட்டும் இறங்காது. மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று பிடிக்கும் வரை இதே புழுக்கம்தான். 2024 உலகம் முழுவதற்கும் பதிவிலேயே மிகச் சூடான ஆண்டு. இனி வரும் மார்ச்சுகள் இதைவிடக் குளிரும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. கட்டணத்தையும் நம்ப முடியாது: 2025 ஜனவரியில் 20 வீதம் இறங்கியது, ஜூனில் 15 வீதம் ஏறியது. பில் வரும் மாதத்திலேயே சித்திரை வருடப் பிறப்பு, உடுப்பு, கைவிசேடம். கை வறண்டு போவது ஏன் என்று கேட்கவே தேவையில்லை.

அம்மாவின் ஏசியை நிறுத்தச் சொல்லமாட்டேன். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. சில பிரஷர் குளிசைகள் உடம்பின் நீரையும் இறக்கும். வெயில் தொடங்குமுன் டொக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அம்மாவுக்கு அந்த அறை ஆடம்பரம் இல்லை. ஆனால் ஒரு அறை போதும். அந்த மூன்று மாதமும் எல்லோரும் அங்கேயே பாய் விரித்துப் படுங்கள். 26, 27 பாகையில் வைத்து ஃபேனையும் போடுங்கள், விடியப்புறம் 4 மணிக்கு டைமரில் நிற்கட்டும். இப்போது பகலும் இரவுமாக 11 மணித்தியாலம் ஓடுகிறது என்றால், அதை 8 ஆக்கினாலே மாதம் 75 யூனிட் அளவில் குறையும். அது 4,500 ரூபா.

இன்னொன்று. இரவு 11 மணிக்குக் கதிரையில் ஏறி மேலே கொங்கிரீட்டைத் தொட்டுப் பாருங்கள். இறக்கி வைத்த தோசைக்கல் மாதிரி இன்னும் சூடாக இருக்கும். பகல் முழுக்கக் குடித்த வெயிலை அது இரவில் உங்கள் தலையில்தான் இறக்குகிறது. மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க வீட்டுக்காரரிடம் கேளுங்கள், பாதிச் செலவு உங்களுடையது என்று சொல்லுங்கள். கடல் பக்கத்து ஜன்னலுக்குப் பின்னேர வெயில் நேராக வரும். அதற்கு வெளிப்பக்கமாக ஒரு தட்டி கட்டுங்கள். உள்ளே தொங்கும் திரை, வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் மறைக்கும்.

சோலார் நல்ல பொருள், சொந்தக் கூரை உள்ளவருக்கு. வாடகை வீட்டுக் கூரைக்கு நீங்கள் லோன் எடுப்பது எனக்கு விளங்கவே இல்லை. வீடு மாறினால் லோன் மட்டும் கூடவே வரும். கடைகளில் இப்போது அடுக்கி வைத்திருக்கிறார்களே, தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர், அதையும் வாங்கிவிடாதீர்கள். காய்ந்த காற்றுள்ள ஊரில்தான் அது வேலை செய்யும். கொழும்பில் ஏற்கெனவே உள்ள ஈரத்தோடு இன்னும் ஈரத்தைச் சேர்க்கும். பழைய ஏசிக்குப் பதிலாக இன்வெர்ட்டர் ஏசி (தேவைக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்து ஓடும் வகை) போட்டால் கரண்ட் குறையும், உண்மைதான். அதை அடைவு தீர்ந்த பிறகு, கையில் காசு வைத்து வாங்குங்கள். வட்டியில்லாத் தவணை என்று கார்டை நீட்டவேண்டாம்.

அப்புறம் அண்ணா. அடைவு வைத்தது அவருக்குத் தெரியாது என்றும், துண்டுகள் மூன்றும் சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவற்றை எடுத்து ஃபோனில் படம் பிடித்து அண்ணாவுக்கு அனுப்புங்கள். அவர் கொடுத்தது ஏசி, ஓட்டியது உங்கள் வளையல். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஹோல் ஏசிக்கான 1,50,000ஐ அடைவு மீட்க அனுப்பச் சொல்லுங்கள். 60,000, 80,000 துண்டுகள் இரண்டும் மீளும். அந்த மூன்று மாதமும் கூடுகிற பில்லையும் அவர் ஏற்கட்டும். மாதம் 80 கனேடிய டொலர் அளவில்தான் வரும்.

மிச்சம் சங்கிலிமேல் ஒரு இலட்சம். மீண்ட வளையல்களில் ஒன்றைச் செட்டியார் தெருவில் மூன்று நான்கு கடைகளில் விலை கேட்டு விற்று, அதையும் தீருங்கள். 2023இல் நீங்கள் வைத்தபோது இருந்த விலை இல்லை இப்போது, தங்கம் நன்றாக ஏறியிருக்கிறது. இதையே சொல்லி, அடைவு பிடிக்கும் இடத்தில் "அதே நகைக்கு இன்னும் கொஞ்சம் தரலாம்" என்பார்கள். வாங்கவே வாங்காதீர்கள். அண்ணா மறுத்தால், 60,000 துண்டை எப்படியாவது மீட்டு விற்பதில் தொடங்குங்கள்.

அடைவு தீர்ந்ததும் அந்த 3,600ஐ வேறு எதிலும் கரையவிடாமல், 2,000 சேர்த்து, மாதம் 5,600ஆகத் தனிக் கணக்கில் போடுங்கள். ஒன்பது மாதத்தில் 50,000. அடுத்த மார்ச்சுக்குள் முழுவதும் சேராவிட்டாலும், சேர்ந்த அளவுக்கு வெயில் உங்கள் காசில் போகும்.

முதல் துண்டின் தவணை எந்தத் திகதியில் முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். அந்தத் திகதிக்கு முன் அண்ணாவோடு பேசியிருக்க வேண்டும்.