ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்கள், குடி, போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு எப்படி உதவலாம்?

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், எல்லையோரக் குடும்ப ஆரோக்கிய மையம் (இங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையம்) ஒன்றில் செவிலியராக இருக்கிறேன். வருபவர்களில் பலர் தமிழர்கள்.

"குடிப்பீர்களா?" என்று கேட்டால் "சத்தியமாக இல்லை சிஸ்டர்" என்பார்கள். பொய்யில்லை. கள்ளு இங்கே குடிக் கணக்கில் சேராது, உடம்புக்குக் குளிர்ச்சியாம்! அதனால் கள்ளைத் தனியாகக் கேட்பேன்: வாரத்தில் எத்தனை நாள், எத்தனை குப்பி? குடிப்பழக்கம் எந்த அளவு என்று கண்டறிய உலக சுகாதார நிறுவனம் தந்த ஆடிட் (AUDIT) வினாத்தாளில் 10 கேள்விகள் உண்டு. கூட்டமான நாளில் முதல் 3 போதும். பிரஷர் பார்த்து முடித்ததும், கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். மனைவி பக்கத்தில் நின்றால் பதிலை அவரே சொல்லிவிடுவார், பிறகு சண்டைதான்.

அடுத்தது, நான் தப்புச் செய்து கற்றது. வேலைக்கு வந்த புதிதில், விடிந்ததுமே குடிக்கும் தென்னந்தோப்புத் தொழிலாளி ஒருவரிடம் "இன்றோடு நிறுத்துங்கள் அண்ணா" என்று வீறாப்பாகச் சொன்னேன். நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு. நெடுங்காலம் தினமும் மிகுதியாகக் குடித்தவர் சட்டென்று விட்டால் சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை. 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் பிதற்றல், உயிருக்கே ஆபத்து. 2020 ஊரடங்கில் மதுக்கடைகளை மூடியபோது, இப்படித் தவித்தவர்களுக்கு டாக்டர் சீட்டுக்கு மது தரலாம் என்று கேரள அரசு ஆணையே போட்டது. உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நல்லவேளை.

இப்போது, காலையில் கை நடுங்குமா, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்று கேட்கிறேன். ஆம் என்றால், டாக்டர் பார்க்கும்வரை தானாக நிறுத்த வேண்டாம் என்று சொல்லி, அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறேன். வீட்டார் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றுங்கள்" என்று நிற்பார்கள். அதற்கு முன் வைட்டமின் பி1 போட்டாயிற்றா என்று டாக்டரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

கஞ்சா, மாத்திரை என்று வரும் பையன்களுக்கு நோயைவிடப் போலீஸ் பயம்தான் பெரிது. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு தொடர்பான வழக்கில், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முடிப்பவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. இதைச் சொன்னாலே பாதிப் பேச்சு திறந்துவிடும். கேரளத்தில் அரசின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தியின் 14405, எல்லைக்கு இருபுறமும் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 என்று எண்களைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.

அந்தத் தோப்புத் தொழிலாளி இப்போதும் மாதாமாதம் பிரஷர் மாத்திரைக்கு வருகிறார். "ஒன்றாம் தேதி இங்கே கடை இல்லை, எல்லை தாண்டிப் போய்விட்டேன் சிஸ்டர்" என்று தலையைச் சொறிவார். திட்டுவதில்லை. எத்தனை நாள் குடித்தார் என்று கேட்டு அட்டையில் எழுதிக்கொள்கிறேன். போன மாதத்தைவிட இரண்டு நாள் குறைவு.